குழு இருக்கிறது, தொழில் தொடங்கலாமா? கடலூர்ப் பக்கத்து மகளிர் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் மாவட்டத்தில் நன்றாக நடக்கும் மகளிர் குழுக்கள் நிறைய. மாதச் சந்தா தவறாது, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன்) சுற்றிக்கொண்டே இருக்கும், வங்கித் தவணை ஒரு மாதம்கூடப் பிந்தாது. அதே குழு ஊறுகாயோ சோப்பு எண்ணெயோ போட ஆரம்பித்தால் பல ஊர்களில் ஆறேழு மாதத்துக்குள் தொழில் நின்றுபோகிறது. வாங்கிய இயந்திரம் யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் கிடக்கும். குழுவுக்குள் பேச்சும் குறைந்திருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு, 'பொம்பளைங்களுக்கு வியாபாரம் வராது' என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். அது பொய். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி 1992-ல் 500 குழுக்களை வைத்து வங்கிக் கடன் இணைப்பைச் சோதித்துப் பார்த்தது. அன்று முதல் குழுவுக்குச் சொல்லித்தரும் ஐந்து விதிகள் என்ன? தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, தவறாமல் உள்கடன், தவறாமல் திருப்பிக் கட்டுவது, தவறாமல் கணக்கு எழுதுவது. ஐந்துமே நல்லவை, ஆனால் ஒன்றுகூட விற்பனையைப் பற்றியது இல்லை. சேமிப்புக்காகச் செய்த ஏற்பாட்டை அப்படியே தொழிலுக்கும் வைத்துக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. மீதிப் பாதி, கடன் கிடைக்கிறதே என்பதற்காகத் தொழில் தொடங்குவதால் வருகிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் கடன் கடைசிப் பக்கத்தில்தான் வரும். முதலில் ஆள், அப்புறம் பொருள், அதை வாங்குகிறவர், விலை, காகிதங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

யார் செய்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை இருப்பீர்கள். எல்லோரும் தொழில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஒருவருக்கு நூறு நாள் வேலை, ஒருவருக்குக் கறவை மாடு, ஒருவர் பள்ளியில் காலை உணவு சமைக்கப் போகிறார், இன்னொருவருக்குப் படுத்த படுக்கையாக மாமியார். இருபது பேரும் சேர்ந்து தொடங்கினால் மூன்றாம் வாரத்தில் வேலைக்கு வருகிறவர்கள் ஐந்து பேராக இருப்பார்கள். லாபத்தில் பங்கு கேட்கும்போது மட்டும் மறுபடி இருபது பேர் ஆகிவிடுவார்கள். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

தினமும் நாலைந்து மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் யார் என்று கூட்டத்தில் நேராகக் கேளுங்கள். நாலு முதல் ஆறு பேர் போதும். அவர்கள் தனித் தொழில் குழு. பெரிய குழு அவர்களுக்கு உள்கடன் கொடுக்கட்டும். அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்டட்டும். மற்றவர்களுக்கு அந்த வட்டி பொதுப் பணமாக வந்து சேரும். வேலை செய்யாதவருக்கு லாபத்தில் பங்கு கிடையாது, நஷ்டத்தில் பொறுப்பும் கிடையாது. இதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

அந்தத் தீர்மானத்தில் வேறு சிலவற்றையும் எழுதத்தான் வேண்டும். ஒருநாள் வேலைக்குக் கூலி எவ்வளவு? யார் வீட்டில் வேலை நடக்கிறது, அந்த வீட்டுக்கு வாடகையும் மின்கட்டணமும் எவ்வளவு? ஒருவர் நடுவில் விலகினால் அவர் போட்ட பணம் எப்போது திரும்பும்? சொந்த அக்கா தங்கையாக இருந்தாலும் எழுதுங்கள். சொந்தம் என்றால் இன்னும் கவனமாக எழுதுங்கள்.

கொள்முதல், கணக்கு, விற்பனை மூன்றும் மூன்று பேரிடம் இருக்கட்டும். குழுவை நடத்தும் ஊக்குநரே எல்லாவற்றையும் செய்தால் அவர் நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் சந்தேகம் வந்தே தீரும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்றால், பத்தாவது படித்த ஒரு மருமகளையோ மகளையோ கணக்குக்குப் பழக்குங்கள். வீட்டு ஆண்கள் வண்டி ஓட்டட்டும், மூட்டை தூக்கட்டும், நல்லதுதான். ஆனால் காசு வாங்குவதும் கையெழுத்துப் போடுவதும் விலை பேசுவதும் உறுப்பினர் கையில்தான் இருக்க வேண்டும். 'உனக்கென்ன தெரியும், நான் பேசிக்கிறேன்' என்று கணவர் முன்னால் வந்து நின்ற பல தொழில்கள் கொஞ்ச நாளில் அவருடைய தொழிலாகவே ஆகிவிட்டன.

எந்தப் பொருள்?

பயிற்சியில் சொல்லித்தந்தார்கள் என்பதற்காக ஒன்றைச் செய்யாதீர்கள். பினாயில், சோப்பு எண்ணெய், மெழுகுவர்த்தி ஆகியவற்றை ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு குழு செய்துவிட்டது. ஒரு நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளக் கூடியதைப் பக்கத்து ஊர்க்காரரும் ஒரு நாளில் கற்றுக்கொள்வார். பெரிய கம்பெனிகளும் அதே பொருளை விளம்பரத்தோடு விற்கின்றன. உங்கள் ஊரில் மலிவாகவும் புதிதாகவும் கிடைப்பது எது, அதில் உங்கள் கைக்கு மட்டும் வருகிற பக்குவம் எது என்று யோசியுங்கள்.

பண்ருட்டிப் பக்கம் என்றால் முந்திரி. அங்கே பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொட்டை உடைக்கிறார்கள், தோல் உரிக்கிறார்கள், கிலோ கணக்கில் கூலி வாங்குகிறார்கள். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுக் கை வெந்துபோன பெண்களை அந்த ஊர்களில் யாரும் பார்க்கலாம். தொழில் தெரிந்தவர்கள் என்பதால் நேராகக் கொட்டை வாங்கி உடைக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். மரத்தில் காய்ப்பு மார்ச் முதல் மே வரைதான். ஆண்டு முழுவதும் உடைக்க வேண்டிய கொட்டையை அந்தச் சில மாதங்களில் வாங்கி வைக்கப் பல லட்சம் ரூபாய் கையில் வேண்டும். அந்தப் பணம் ஆலைக்காரரிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அதனால் கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். பருப்பாக வாங்கி, வறுத்து, உப்பும் மிளகும் போட்டு, சிறு பொட்டலமாக விற்பது. முழுப் பருப்பு ரகங்களில் டபிள்யூ 320 என்பது ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும் ரகம். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூட. மசாலா முந்திரிக்கு முழுப் பருப்பே தேவையில்லை. உடைந்த பருப்பும் பாதிப் பருப்பும் மலிவாகக் கிடைக்கும், ருசி ஒன்றுதான். வாரத்துக்கு ஐந்து கிலோ வாங்கி விற்கலாம். பணம் ஏழு நாளில் திரும்பிவிடும்.

பலா இன்னும் கஷ்டமானது. கோடையில் பண்ருட்டி மண்டியில் பழம் குவியும், விலை விழும். ஆனால் பழுத்த பழம் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். சிப்ஸ் போடக் காயாக வாங்க வேண்டும், சுளை எடுக்க ஆள் வேண்டும், எண்ணெய் நிறையக் குடிக்கும், ஈரம் பட்டால் நமத்துப்போகும். பலாவில் இறங்குகிறவர்கள் அந்த மூன்று மாதத்துக்கு அப்புறம் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். முந்திரி, பலா இரண்டுக்கும் விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். பதப்படுத்தும் முறை பற்றி அங்கே பேசலாம்.

கடற்கரைப் பக்கம், தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை என்றால் கருவாடு. விற்பனைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எல்லோரும் மணலில் காய வைக்கிறார்கள், அதனால் வாங்குகிறவர் வாயில் மணல் கடிபடுகிறது. இடுப்பு உயரத்தில் பரண் கட்டி, வலை விரித்து, மேலே ஈ புகாத வலை போட்டுக் காய வையுங்கள். அது ஒன்றே உங்கள் கருவாட்டை வேறு விலைக்குக் கொண்டுபோகும். சிக்கல் காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வெயில் நன்றாகக் காயும் அந்த நாட்களில் மீன் வரத்து குறைவு, விலை அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மீன் இருந்தாலும் மழை. ஆக, நல்ல உற்பத்தி ஆண்டில் ஆறேழு மாதம்தான் என்று எடுத்துக்கொண்டு, ஆண்டுக் கணக்கை அதற்குத் தகுந்தபடி போடுங்கள்.

இவை எதுவும் உங்கள் ஊரில் இல்லையென்றால் சமைத்த உணவு இருக்கிறது. முறுக்கு, அதிரசம், இட்லிப் பொடி, வத்தல். பழைய பொருள்தான், ஆனால் கைப்பக்குவம் உள்ளவருக்கு என்றும் வாடிக்கை உண்டு.

காசு போடுவதற்கு முன் விற்றுப் பாருங்கள்

இயந்திரம் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் பாத்திரத்தில் இரண்டு மூன்று கிலோ செய்யுங்கள். சொந்தக்காரருக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டாம், அவர்கள் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். தெரியாத ஆளிடம் காசுக்கு விற்க வேண்டும். நெய்வேலி நகரியத்தில் சம்பளம் போட்ட வாரம், திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள், சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம், வடலூரில் தைப்பூசம் என்று கூட்டம் கூடும் நாளைப் பிடியுங்கள். உங்கள் ஊர் வாரச்சந்தையும் போதும்.

முதல் தடவை வாங்குவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதே ஆள் இரண்டாம் தடவை தேடி வருகிறாரா என்று பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் வாங்கியவர் பெயரையும் எண்ணையும் எழுதி வையுங்கள். நாலு வாரம் தொடர்ந்து விற்ற பிறகு, பாதிப் பேராவது திரும்பி வந்திருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வரவில்லையென்றால் ஏன் என்று போன் போட்டுக் கேளுங்கள். உப்பு அதிகமாக இருக்கும், பொட்டலம் பெரிதாக இருக்கும். இந்தக் கட்டத்தில் மாற்றினால் செலவு இருநூறு ரூபாய். இயந்திரம் வாங்கிய பிறகு மாற்றினால் இருபதாயிரம்.

அதற்கு மேல் நிலையான இடம் வேண்டுமென்றால் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் 'மதி' என்ற பெயரில் அங்காடிகள், கல்லூரிச் சந்தை, கண்காட்சி ஆகியவை நடக்கின்றன. ரயில் நிலையங்களில் 'ஒரு நிலையம் ஒரு பொருள்' கடைகளுக்கும் குழுக்கள் விண்ணப்பிக்கலாம். கண்காட்சியில் மூன்று நாளில் நன்றாக விற்றுவிட்டது என்று நம்பி உற்பத்தியைக் கூட்ட வேண்டாம். கண்காட்சிக்கு வருகிறவர் வீட்டுக்குப் போனபின் உங்களைத் தேடி வரமாட்டார். உங்கள் ஊரைச் சுற்றி பஸ் போகும் தூரத்தில் உள்ள பத்து கடைகள்தான் உங்களைக் காப்பாற்றும்.

விலை: உங்கள் கூலியைக் கணக்கில் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பெண்கள் நடத்தும் தொழில் நிற்பதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம், தங்கள் உழைப்புக்கு விலை போடாததுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து கிலோ முறுக்கு, கால் கிலோ பொட்டலமாக நாற்பது. அரிசி 300 ரூபாய், உளுந்து 195, எண்ணெய் 350, வெண்ணெய், எள், ஓமம் எல்லாம் சேர்த்து 150, அரைவைக் கூலி 60, கேஸ் 150, கவரும் லேபிளும் 160, ஆட்டோவும் பஸ்ஸும் 120. மொத்தம் 1,485. நாற்பதால் வகுத்தால் ஒரு பொட்டலம் சுமார் 37 ரூபாய். '50 ரூபாய்க்கு விற்றால் 13 ரூபாய் லாபம்' என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள்.

சரி, இதில் என்ன விட்டுப்போனது? மூன்று பெண்கள் ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்றிருக்கிறார்கள். ஆளுக்கு 250 என்றால் 750. நொறுங்கியதும் விற்காததும் ஒரு 110. பாத்திரத் தேய்மானம், கடன் வட்டி 100. இப்போது மொத்தம் 2,445. ஒரு பொட்டலத்தின் அடக்க விலை 61 ரூபாய்! 50-க்கு விற்றால் ஒவ்வொன்றிலும் 11 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டம் கண்ணில் படாது, ஏனென்றால் அது உங்கள் கூலியிலிருந்து போகிறது. நாற்பது பொட்டலம் விற்று வந்த 2,000-ல் செலவு எல்லாம் போக மூன்று பேருக்கும் மிஞ்சுவது 305. ஆளுக்கு நூறு ரூபாய்தான். அந்த நூறு ரூபாய்க்காக எத்தனை மாதம் ஒருவர் அடுப்பு முன்னால் நிற்பார்? ஒருநாள் நடவுக்கு ஆள் கூப்பிட்டால் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து கடைக்காரர். பாக்கெட்டில் போட்ட விலையில் இருபது சதவீதம் கேட்பார். 85 ரூபாய் என்று அச்சடித்தால் உங்கள் கைக்கு வருவது 68. அடக்கம் போக 7 ரூபாய் நிஜமான லாபம். அந்த 7 ரூபாய்தான் நாளைக்கு இயந்திரம் வாங்கும், மழை மாதத்தில் காப்பாற்றும். 85 ரூபாய்க்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று தோன்றினால் பொட்டலத்தை 150 கிராமாகக் குறையுங்கள், அல்லது அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். கூலியைக் குறைத்து விலையைக் குறைக்காதீர்கள்.

நேரடியாக விற்கும்போது 80-க்குக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் கடைக்காரர் விற்கும் ஊரிலேயே அவரைவிட மலிவாக விற்காதீர்கள். அடுத்த முறை உங்கள் பாக்கெட்டை வாங்க மாட்டார்.

கடனுக்குக் கொடுப்பது

'அக்கா, நம்ம புள்ளைதானே வாங்கியிருக்கு, அப்புறம் தரேன்.' கிராமத்தில் இதற்கு மறுப்புச் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். மறுத்தால் நாளைக்குக் கல்யாணத்தில் முகம் பார்க்க முடியாது. அதனால் மறுப்பை ஒருவர் தலையில் போடாதீர்கள். 'கடன் கிடையாது என்று குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம், நான் கொடுத்தால் எனக்கு அபராதம்' என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுங்கள். தீர்மானமும் அபராதமும் உண்மையாகவே இருக்க வேண்டும். உறுப்பினர் வீட்டுக்கே எடுத்துப் போனாலும் காசு வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கடைகளில் கொஞ்சம் கடன் கொடுக்காமல் முடியாது. பழைய பாக்கியை வாங்கிக்கொண்டு புதுச் சரக்கு போடுவது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்கு ஒரு தடவைச் சரக்குக்கு மேல் பாக்கி நிற்கக் கூடாது.

போன் வழியாகப் பணம் வாங்கும் அட்டையை யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் ஒட்டாதீர்கள். அவர் மகன் அந்தப் போனை வைத்திருப்பான், மாசக் கடைசியில் வீட்டுக் காசும் குழுக் காசும் கலந்துபோகும். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, அதற்கு ஒரு அட்டை, இரண்டு பேர் கையெழுத்து.

காகிதங்கள்

பயப்பட ஒன்றுமில்லை, புரோக்கரும் வேண்டாம். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சிறு தயாரிப்பாளருக்கு அடிப்படைப் பதிவு போதும். இணையத்தில் நீங்களே போடலாம், இ-சேவை மையத்திலும் போடலாம். பதினான்கு இலக்க எண் வரும், அதை லேபிளில் அச்சடிக்க வேண்டும். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். யாராவது இதற்கு ஆயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தராசுக்கு முத்திரை வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் போடுவார். பொட்டலமிட்டு விற்பதற்கான பதிவையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

லேபிளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை, தயாரித்த தேதி, எதற்குள் சாப்பிட வேண்டும், தொகுதி எண் (எந்தத் தடவை போட்ட சரக்கு என்று காட்டுவது), குழுவின் பெயரும் முழு முகவரியும், புகார் சொல்ல ஒரு போன் எண், சைவம் என்றால் பச்சைக் குறி, உணவுப் பதிவு எண். சத்து விவரம், ஒவ்வாமை பற்றிய குறிப்பு ஆகியவற்றுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒரு மாதிரி லேபிளைக் காட்டிக் கேட்டுவிட்டு அச்சடியுங்கள். முதல் தடவையே ஐயாயிரம் லேபிள் அடிக்காதீர்கள். நூறு போதும்.

புதுச்சேரிக்குக் கொண்டுபோகும்போது

கடலூரிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் புதுச்சேரி. காந்தி வீதி ஞாயிறு சந்தையும் சுற்றுலாக் கூட்டமும் யாரையும் இழுக்கும். ஆனால் எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டினால் சட்டப்படி வேறு மாநிலம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். மாநிலம் விட்டு மாநிலம் வரி உள்ள பொருளைச் சப்ளை செய்தால் அந்த வரம்பு பொருந்தாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு தேவை. வறுத்த முந்திரி, சிப்ஸ், முறுக்கு எல்லாம் வரி உள்ள பொருள். புதுச்சேரிக் கடைக்காரருக்குச் சரக்கு அனுப்பும் முன் இதை யோசியுங்கள். வரியே இல்லாத புதுக் காய்கறி, பழத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கைவினைப் பொருட்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. புதுச்சேரிக்காரர் கடலூருக்கு வந்து உங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிப் போனால் அது உள்ளூர் விற்பனைதான்.

புதுச்சேரி எல்லைக்குள் உள்ள பாகூர், கன்னியக்கோயில் பக்கத்துக் குழுக்களுக்கும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. புதுச்சேரிக்குள் வரம்பு 20 லட்சம் என்பதையும் நினைவில் வையுங்கள். தொடக்கத்தில் அவரவர் எல்லைக்குள்ளேயே சந்தை பிடிப்பது நல்லது.

இப்போது கடன்

நாலு மாதம் விற்றிருக்கிறீர்கள், அடக்க விலை தெரியும், பத்து கடை இருக்கிறது. இனி கடன் கேட்கலாம். முதலில் குழுச் சேமிப்பு, அப்புறம் சுழல் நிதி (உள்கடனுக்குச் சுற்றிவிட அரசு குழுவுக்குத் தரும் பணம்), அதற்குப் பிறகு வங்கி.

ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவுக்கு வங்கி முதல் கடனாகக் குழுவின் நிதியைப் போல் ஆறு மடங்கு அல்லது ஒன்றரை லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தரலாம். ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. உங்கள் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது, டெபாசிட் போடச் சொல்லவும் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் விதி. கிளையில் வேறு மாதிரி சொன்னால் எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். குழுக்களின் கூட்டமைப்பையும் வட்டார அலுவலகத்தையும் துணைக்கு அழையுங்கள். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை விதை மூலதனம் (தொடக்கப் பணம்) தந்துவந்தார்கள். இப்போதும் உண்டா, ஒதுக்கீடு இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் விசாரியுங்கள்.

எவ்வளவு வாங்கலாம்? கிடைக்கும் தொகையைப் பார்க்காதீர்கள். மேலே சொன்ன 7 ரூபாய் லாபத்தில் மாதம் எத்தனை பொட்டலம் விற்கிறது என்று பெருக்குங்கள். அதில் பாதிதான் தவணையாகக் கட்ட முடியும். மாதம் 800 பொட்டலம் என்றால் லாபம் 5,600, தவணை 2,800-க்கு மேல் போகக் கூடாது. வங்கி மூன்று லட்சம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் இந்தக் கணக்கு எழுபதாயிரம் சொன்னால் எழுபதாயிரம்தான்.

தொழில் கடனைப் பங்கு போட்டு வீட்டுச் செலவுக்கு எடுப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பள்ளிக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் உண்மையான தேவைகள்தான். அதற்குக் குழுவின் உள்கடனைத் தனியாகக் கொடுங்கள், தொழில் கணக்கைத் தொடாதீர்கள். வாரத் தவணை நிதி நிறுவனங்களிடம் ஏற்கெனவே இரண்டு மூன்று கடன் உள்ள உறுப்பினரைத் தொழிலில் சேர்க்கும் முன் அவரோடு உட்கார்ந்து மொத்தத் தவணையைக் கூட்டிப் பாருங்கள். குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகும்படி நுண்கடன் கொடுக்கக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரவும் கூடாது. இது தெரியாமல் எத்தனையோ பெண்கள் இரவில் வாசலில் நிற்கிறவர்களுக்குப் பயந்து ஒளிந்துகொள்கிறார்கள். இதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துச் சொல்லுங்கள்.

கணக்கு

மூன்று நோட்டு போதும்: வரவு செலவு, இருப்புச் சரக்கு, யாருக்குப் பாக்கி. வேலை முடிந்த அன்றைக்கே எழுத வேண்டும். சனிக்கிழமைதோறும் கையில் உள்ள பணத்தை எண்ணி நோட்டோடு ஒப்பிட்டு எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கூலியை வாரம் தவறாமல் கொடுத்துவிடுங்கள். லாபத்தை முதல் ஆண்டு பிரிக்க வேண்டாம்.

மழைக்கு முன்

நம் மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-ல் வெள்ளம். 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது, அடுத்த சில நாளில் தென்பெண்ணை கரை மீறிக் கடலூர்க் கிராமங்களுக்குள் வந்தது. எந்தப் பொருள் செய்தாலும் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் பாதி வருமானம்தான் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை முதல் மாதாமாதம் லாபத்தில் ஒரு பகுதியைத் தனியாக வையுங்கள். இரண்டு மாதத் தவணை, இரண்டு மாதக் கூலியில் பாதி, அந்த அளவு சேர்ந்தால் போதும். இயந்திரத்துக்கும் சரக்குக்கும் காப்பீடு உண்டா என்று கடன் வாங்கும்போதே வங்கியில் கேளுங்கள். உறுப்பினர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் அதே கிளையில் போடலாம். இரண்டிலும் இரண்டு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மாவு, பருப்பு, கருவாடு எதையும் தரையில் வைக்காமல் பலகை போட்டு உயரத்தில் மூடி வையுங்கள். தீர்மான நோட்டு, கணக்கு நோட்டு, வங்கிப் புத்தகம், பதிவுச் சான்று எல்லாவற்றையும் படம் எடுத்து இரண்டு பேர் போனில் சேமித்து வையுங்கள். வெள்ளம் வந்தால் யார் வீட்டுக்குச் சரக்கை மாற்றுவது, எந்த வண்டி, யார் பொறுப்பு என்பதைச் செப்டம்பர் மாதக் கூட்டத்திலேயே பேசித் தீர்மானமாக எழுதிவிடுங்கள்.